கேடியின் மருமகன்

எங்கள் மாமா ஒரு கேடி.

தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த யாரிடமும் இதைச் சிரிக்காமல் சொல்ல முடியாது. பொலிஸ் தேடுகிறவனும் கேடி, கோல்ப் மைதானத்தில் அடுத்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்கிறவரும் கேடி. இரத்தோட்டையில் யாராவது "ஒங்க தம்பிக்கு என்ன வேல?" என்று கேட்டால், அம்மா "தூரத்துல ஒரு கிளப்புல" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பிளேன்டி ஊற்றப் போய்விடுவார். நானும் கெம்பஸில் இரண்டு வருஷமாக அதையேதான் சொல்லிவந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவில்லை. ஏ.எல். எழுதிவிட்டு கெம்பஸ் கிடைக்கும்வரை வீட்டில் கிடந்த காலத்தில் நானும் கேடியாக இருந்தேன். (அந்தக் காத்திருப்பு இந்த நாட்டில் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.) மற்றப் பொடியன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார்கள். என்னை மாமா தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். எந்த மைதானம் என்று எழுதமாட்டேன். மாமா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

முதல் நாள் பையைத் தூக்கியபோது கொழுந்துச் சாக்கு நினைவுக்கு வந்தது. 14 மட்டைவரை கொண்டுபோகலாம் என்பது விதி. பந்து, குடை, மழை அங்கி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்ந்தால் 15 கிலோவுக்குக் குறையாது. 18 குழிக்கும் அதைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டும். தூக்குவது வேலையில் பாதிதான். பந்து எங்கே விழுந்தது, கொடிவரை எத்தனை யார்ட், காற்று எந்தப் பக்கம், புல் எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் கேடிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாமா ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் 140 யார்டுக்கும் 150 யார்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். குழிக்குப் பக்கத்துப் புல்தரையின் சரிவைப் பார்க்க அவர் குனிவதே இல்லை. சும்மா குறுக்கே ஒருமுறை நடந்துவிட்டு, "எடது பக்கம், ஒரு கப் அளவு" என்பார். கால் சொல்லிவிடுமாம்.

ஒருநாள் ஒரு விருந்தாளி, வெளியூர்க்காரர். தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய இடம். மாமா ஏழாம் நம்பர் மட்டையை நீட்டினார். அவர் வேண்டாம் என்று எட்டாம் நம்பரை இழுத்து எடுத்தார். எட்டு போகும் தூரம் ஏழைவிடக் குறைவு. பந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. திரும்பி மட்டையை மாமாவின் காலடியில் எறிந்துவிட்டு, "ஒனக்கெல்லாம் என்ன தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டார். இன்னொரு பையோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமா மட்டையை எடுத்து, மண்ணைத் துடைத்து, உறை போட்டுப் பைக்குள் வைத்தார். அடுத்த குழியிலும் தூரத்தைச் சரியாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கோபம். பிழையாகச் சொல்லியிருக்கலாமே!

"அப்பிடிச் செஞ்சா நான் கேடி இல்லடா, மத்தக் கேடி" என்றார்.

கேடிமாரையும் விளையாட விடும் மாலையில்தான் எனக்கு ஆட்டம் பிடித்தது. மாமாவிடம் ஒரு பழைய ஏழாம் நம்பர் மட்டை இருந்தது. யாரோ கழித்துவிட்டுப் போனது. பிடி கிழிந்து, அதில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார். நான் அடித்த முதல் இருபது பந்தில் பாதி நகரவே இல்லை. மீதி எல்லாம் நேராகக் கிளம்பி, பாதி வானத்தில் மனம் மாறியதுபோல வலது பக்கம் வளைந்து காட்டுக்குள் போயின. இதற்கு ஸ்லைஸ் என்று பேர். உலகத்தில் கோல்ப் பழகும் வலது கைக்காரர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் வரும் நோய் இதுதான்.

மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ பந்த அடிக்கல்ல. கவ்வாத்து வெட்டுற."

எங்கள் தாத்தா கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தி மேலேயிருந்து வந்து, வாதைக் குறுக்கே அறுத்து, உடம்புப் பக்கமாக இழுபடும். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேனாம். கீழே வரும்போது தோள் முந்திக்கொள்கிறது. அதனால் மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வருகிறது. அந்த நேரம் மட்டையின் முகமும் திறந்திருந்தால், பந்து பக்கவாட்டில் சுழன்றுகொண்டு வலது பக்கம் ஓடும். இந்த விளக்கத்தைப் பிறகு யூட்டியூபில் பெரிய பெரிய பயிற்சியாளர்கள் கோடு போட்டுக் காட்டிப் பார்த்திருக்கிறேன். மாமா ஒரே வார்த்தையில் சொன்னதைத்தான் அவர்களும் பதினைந்து நிமிடம் சொல்கிறார்கள்.

நோய் தெரிந்தாலும் மருந்து லேசில் வேலை செய்யவில்லை. பந்துக்கு வெளியே, கொஞ்சம் பின்னால், மாமா தன் பாட்டாச் செருப்பை வைப்பார். குறுக்கே வந்தால் செருப்பு பறக்கும். முதல் இரண்டு வாரம் செருப்புத்தான் பறந்தது. வலது கக்கத்தில் துவாயை வைத்து, அது விழாமல் அடிக்கச் சொல்வார். எல்லாம் செய்தும் தோள் முந்தியது. கடைசியில் ஒருநாள் மட்டையை வாங்கிப் புல்லில் போட்டுவிட்டுக் கேட்டார்: "கொழுந்துச் சாக்க லொறியில எறியிறியே, கையாலயா எறியிற?"

இல்லை. சாக்கைப் பின்னால் ஆட்டி, எடை வலது காலில் இறங்கியதும், முதலில் இடது காலை ஊன்றுவோம். பிறகு இடுப்பு திரும்பும். கை கடைசியாகத்தான் வரும். கையால் எறியப்போனால் சாக்கு லொறியின் பாதி உயரத்துக்கும் போகாது.

"அவ்வளவுதான்" என்றார்.

அன்றைக்குப் பந்து நேராகப் போனது என்று எழுத ஆசைதான். போகவில்லை. மூன்று மாதம் எடுத்தது. ஆனால் அந்த மூன்று மாதத்தின் நடுவில் எங்கேயோ, பந்தை அடித்ததே கையில் தெரியாத ஒரு அடி விழுந்தது. டக் என்று சின்னச் சத்தம். தரையில் பந்து இருந்த இடத்துக்கு முன்னால் புல் பெயர்ந்திருந்தது. இரும்பு மட்டையில் அப்படித்தான் பெயர வேண்டும். முதலில் பந்து, பிறகு மண். மாமா பந்தைப் பார்க்கவில்லை. அந்தப் புல்லைப் பார்த்துத் தலையாட்டினார். ஒன்பது குழிக்கு 61 அடித்துக்கொண்டிருந்தவன், கெம்பஸ் போகிறபோது 49க்கு வந்திருந்தேன்.

கெம்பஸில் விளக்குமாற்றுக் கட்டைதான் மட்டை. இரவில் ஹொஸ்டலுக்குப் பின்னால், யாரும் இல்லாதபோது. காதலியோடு போன் பேசப் போகிறேன் என்று அறைப் பொடியன்கள் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை, மதிப்பாகத்தானே இருந்தது.

இரண்டாம் வருஷத்தில் பெருந்தோட்ட வரலாறு படித்தோம். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் ஆட்கள். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த காலம். அதோடு சேர்ந்து வந்த துரைமார் கிளப்புகள். கொழும்பு கோல்ப் கிளப் 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கியது, 1928இல் பேருக்கு முன்னால் 'ரோயல்' சேர்ந்தது. அதற்குள்ளேயே நுவரெலியாவிலும் ஒன்று வந்துவிட்டது. வகுப்பு முடிந்து கன்டீனில் ஒருவன் சொன்னான்: "கோல்ப் எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன திமிரு மச்சான். நம்மாள் எவனும் அதப் பக்கத்துல போய்ப் பாத்திருக்க மாட்டான்."

நான் தலையாட்டினேன்.

அவன் சொன்னதில் முதல் பாதி பிழை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. லயத்தில் ஒரு அறைக்குள் ஆறு பேர் படுக்கும்போது, ஒரு பந்தை உருட்ட அவ்வளவு நிலமும் தண்ணீரும் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இரண்டாவது பாதிக்கும் நான் தலையாட்டினேனே. பக்கத்தில் போய்ப் பார்த்தது மட்டுமா, அந்தப் புல்லின் சரிவைக் காலால் வாசிக்கிற ஒரு மனுஷனிடம் பழகியவன் நான். அன்று இரவு விளக்குமாற்றைத் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் போட்டிகளை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன். அடிக்கிறவரை விட்டுவிட்டு, பக்கத்தில் பையோடு நிற்கிறவரைத் தேடுவேன். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தில் 1982வரை அந்தக் கிளப்பின் சொந்தக் கேடிகளைத்தான் வீரர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர்கள். ஒரு கறுப்பின வீரர், லீ எல்டர், அங்கே விளையாட 1975 ஆனது. கிளப்பில் கறுப்பின உறுப்பினர் சேர 1990 ஆனது. அந்தக் கேடிகளில் ஒருவர் கார்ல் ஜாக்சன். 1995இல் பென் கிரென்ஷா சிறுவயதிலிருந்து தனக்குப் பழக்கிய ஆசானை இழந்து, அடியும் சரியாக வராமல் நின்றபோது, பந்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து, தோளை இன்னும் இறுக்கமாகத் திருப்பச் சொன்னவர் ஜாக்சன்தான். அந்த வாரம் கிரென்ஷா மாஸ்டர்ஸை வென்றார். இதை வாசித்த உடனே மாமாவுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார், ஏதோ பக்கத்து மைதானத்து ஆள் மாதிரி.

பையைக் கீழே வைத்துவிட்டு மட்டையைத் தூக்கியவர்களும் இருக்கிறார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர்தான் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர். பங்களாதேஷின் சித்திகுர் ரஹ்மான் பந்து பொறுக்கத் தொடங்கி, 2013இல் அதே கிண்ணத்தை வென்றார். நம் நாட்டில் மாமா எப்போதும் சொல்கிற பேர் அனுர ரோஹண. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி அவருக்கு, தங்கம் இந்தியாவின் ஷிவ் கபூருக்கு. அந்த வருஷம் மாமாவுக்கு இருபத்து நாலு வயது. கேடிமாரில் அவரை அடிக்க ஆள் இல்லையாம். தொழில்முறைக்குப் போகக் கட்டணம், பயணம், சப்பாத்து, ஒரு முழு செட் மட்டை. தங்கச்சி கலியாணம் வேறு. "அடுத்த வருசம் பாப்பம்னு நெனச்சேன்" என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடும். இப்போது வலது தோள் காது உயரத்துக்கு மேல் எழும்பாது. பை மட்டும் இடது தோளுக்கு மாறியிருக்கிறது.

இந்தியத் தொழில்முறைச் சுற்றின் பட்டியலில் நான் இரண்டு பேரைத் தேடுவேன், என். தங்கராஜா, கே. பிரபாகரன். இரண்டு பேரும் இலங்கையர். அந்தப் பெயர்கள் பட்டியலில் மேலே இருக்கிற நாளில் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து மாமாவுக்கு அனுப்புவேன். ஒரு கட்டைவிரல் வரும்.

2025 சித்திரை வருஷப் பிறப்புக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அமெரிக்காவில் ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கள் விடியற்காலை, ஏப்ரல் 14. லயத்தில் சிக்னல் தண்ணீர்த் தொட்டிப் படியில் மட்டும்தான் பிடிக்கும். இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தோம். மாஸ்டர்ஸ் கடைசி நாள். ரோரி மக்கில்ராய் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றை வென்றவர், இது மட்டும் மிச்சம். 2014க்குப் பிறகு பெரிய போட்டி ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு அடி முன்னிலையில் தொடங்கி, முதல் குழியிலேயே அந்த இரண்டையும் விட்டார். பிறகு பிடித்தார். பதின்மூன்றாவதில் கையெட்டும் தூரத்திலிருந்து ஓடைக்குள் அடித்தார். மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இது நம்ம அடிடா!" கடைசிக் குழியில் ஐந்தடி தூரத்துப் பந்து போனால் வெற்றி. போகவில்லை. ஜஸ்டின் ரோஸோடு மேலதிகக் குழி.

அங்கே போகும்போது மக்கில்ராயின் கேடி ஹரி டைமண்ட், சின்ன வயசுக் கூட்டாளி, திங்கட்கிழமை காலையில் இந்த நிலைமையைக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்போமே என்றாராம். அதைப் பிறகு மக்கில்ராயே சொன்னார். எங்களுக்கு அப்போது இரண்டு பேர் நடந்து போவது மட்டும்தான் தெரிந்தது. பந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்தது, உள்ளே போனது, மனுஷன் முழங்காலில் விழுந்து அழுதார். மாமா திரையில் டைமண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பரிசு எவ்வளவு?"

"42 இலட்சம் டொலர்."

"கேடிக்கு?"

"ஜெயிச்சா பத்திலொரு பங்கு குடுக்கிறது வழக்கமாம்." போனில் பெருக்கிப் பார்த்தேன். நம் காசுக்கு 12 கோடிக்கு மேல்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பை என்னவோ அதே பாரந்தான்" என்றார்.

அப்போதுதான் கன்டீன் கதையைச் சொன்னேன். தலையாட்டியதையும். மாமா சிரித்தார். "அந்தப் பொடியன் சொல்றது சரிதானே. கூட்டிட்டு வா ஒருநாள். பதினெட்டும் நடக்கட்டும், பெறகு பேசுவோம்." இன்னும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இதை எழுதி அவனுக்கு முதலில் அனுப்பியிருக்கிறேன். எழுதுவதை மாமாவிடம் சொன்னபோது "பேர் மட்டும் போட்ராத" என்றார்.

வெளிச்சம் வந்ததும் சைக்கிள் டியூப் சுற்றிய மட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்து மைதானத்துக்குக் கிளம்பினேன். நக்கிள்ஸ் பக்கம் முழுக்கப் பனி. அம்மா வாசலில் நின்று கத்தினார், வேலை தொடங்குகிற நேரம் இன்னும் வரவில்லை, முதலில் குளி, சாமி கும்பிடு என்று.

"அது வேல இல்லக்கா, வெளயாட்டு" என்றார் மாமா.

வருஷத்தின் முதல் பந்து வலது பக்கம் வளைந்து தேயிலைக்குள் போனது. மாமா செருப்பைக் கழற்றினார்.