தளர்வில் நின்ற கூலி

கடந்த சித்திரை விடுமுறையில் என் பழைய மாணவர் மூவர் வீட்டுக்கு வந்தனர். பத்தாம், பதினோராம் வகுப்புகளில் என்னிடம் தமிழ் படித்தவர்கள். இன்று பொறியியற் பீட மாணவர்கள். செயற்றிட்ட முகாமைத்துவம் என்னும் பாடத்துக்காக வன்னியிலுள்ள சிறு குளமொன்றின் துருசையும் கட்டையும் திருத்துவதற்கு அவர்கள் ஒரு திட்டம் வரைந்திருந்தனர். அதன் சுருக்கத்தை அவ்வூர்க் கமக்காரர் அமைப்புக்குத் தமிழிற் கொடுக்கவேண்டியிருந்தது. அதைத் திருத்தித் தரும்படி கேட்டனர்.

மொழியிற் பிழை அதிகமில்லை. என்னைக் கவர்ந்தது அதனுடன் இணைத்திருந்த அட்டவணையே. வேலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன, மேலே வாரங்கள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. எந்த வேலை ஒருநாள் பிந்தினால் முழுத் திட்டமும் ஒருநாள் பிந்துமோ, அந்த வேலைகளெல்லாம் சிவப்பு நிறத்தில் இருந்தன. ஏனையவற்றுக்குத் 'தளர்வு' உண்டாம். சற்றுப் பிந்தினாலும் முடிவுநாள் மாறாது. மே முதல்வாரத்தில் தண்ணீரை வடித்துப் பழைய துருசைக் கழற்றுவதில் தொடங்கி, பன்னிரண்டாம் வாரத்தில் எல்லாம் நிறைவுற்றன.

இலக்கியம் கற்ற எனக்கு இது புதிய துறை. தேடிப் படித்தபோது வியப்பாயிருந்தது. போலந்து நாட்டுப் பொறியியலாளர் கரோல் அடாமியெக்கி 1896 இலேயே இத்தகைய வரைபடமொன்றை ஆக்கினார். அமெரிக்கரான ஹென்றி கான்ற் 1910 களிற் பரப்பிய அட்டவணை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அதே அட்டவணையை 1929 இல் வால்டர் பொலகோவ் என்பார் சோவியத் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். ஐந்தாண்டுத் திட்ட வேலைகளுக்கு அது பயன்பட்டது. சிவப்புக் கோட்டின் கணக்கு டியூபோன்ட் என்னும் இரசாயனக் கம்பெனியில் 1957 இல் உருவானது. மறு ஆண்டில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காக அதனை ஒத்த இன்னொரு முறையை வகுத்தது. முதலாளியின் தொழிற்சாலைக்கும், தொழிலாளர் அரசின் திட்டத்துக்கும், போர்க் கருவிக்கும் ஒரே வகைக் கோடுகள் உதவியிருக்கின்றன. ஆகவே கோட்டை வரைபவர் யாருடைய காலத்தை அளக்கிறார் என்பதை நாம் கேட்டேயாக வேண்டும்.

"அந்த ஊருக்குப் போனீர்களா?" என்று கேட்டேன். அளவெடுக்க ஒருமுறை போனார்களாம். எவருடனும் பேசவில்லை. மறுவாரம் நால்வரும் போனோம்.

குளக்கட்டில் ஒரு முதிய கமக்காரர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். மாணவர் விளக்கினர். பொறுமையாகக் கேட்டபின் அவர் சொன்னார்: "தம்பியவை, இப்ப சிறுபோகம் விதைக்கிற நேரம். துருசைக் கழட்டினா வயலுக்கு எதால தண்ணி விடுறது? வெட்டி முடியத்தான் அதில கை வைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னம் கட்டும் இறுகவேணும்."

எண்ணிப் பார்த்தோம். மிஞ்சியது ஆவணியும் புரட்டாதியும்; எட்டே வாரம். பன்னிரண்டு வாரமும் பல்கலைக்கழகத் தவணைக்கு ஏற்ப எடுத்த கணக்கு. நெற்பயிரின் காலம் அட்டவணையில் ஓரிடத்திலும் இல்லை. உண்மையான சிவப்புக் கோடோ வயலினூடாகவே ஓடிற்று.

திரும்பும்போது பேருந்தில் மாணவி ஒருத்தி அட்டவணையை மடியில் விரித்தபடி மௌனமாயிருந்தாள். பின்பு கடைசி வரியைச் சுட்டிக் காட்டினாள். 'கூலி வழங்கல். தளர்வு: இரண்டு வாரம்.' கணக்கின்படி அது சரியே. கூலி கொடுத்த பின்னரே தொடங்கவேண்டிய வேலை எதுவும் அட்டவணையில் இல்லை; எனவே அது பிந்தலாம்.

"அப்பா மேசன் வேலைக்குப் போறவர் சேர். கொந்தராத்துக்காரர் காசைப் பிந்தினா, கடையில கடன் கொப்பியை மூடிப்போடுவினம். அந்தக் கிழமை எங்கட வீட்டில என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானே இதைக் கீறியிருக்கிறன்."

அவள் குரல் தழுதழுத்தது. எனக்கோ வேறொரு குற்றவுணர்வு. 'எங்கள் கிராமத்தை முன்னேற்றுவோம்' என்ற தலைப்பில் இதே பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் செய்தவன் நான். வீதி அமைப்போம், குளம் திருத்துவோம், சிரமதானம் செய்வோம் என்று எழுதினார்கள். ஊரில் ஒருவரையேனும் கேட்டு எழுதும்படி நான் சொன்னதில்லை. அணிநலம் மிக்க கட்டுரைக்கு அதிக புள்ளி கொடுத்தேன். கேளாமல் திட்டமிடும் பழக்கத்தை அவர்கள் பல்கலைக்கழகத்திற் கற்கவில்லை. என் வகுப்பிலேயே கற்றனர்.

மூவரும் அட்டவணையை மாற்றி வரைந்தனர். துருசு வேலை அறுவடைக்குப் பின் சென்றது. கூலி சனிக்கிழமைதோறும் என்றாயிற்று; அது கொடுக்கப்பட்ட பின்னரே அடுத்த வார வேலை தொடங்கும் என்று ஓர் அம்புக்குறியும் இட்டனர். உடனே கூலியும் சிவப்பாயிற்று. அதனால் ஒரு சங்கடமும் வெளிப்பட்டது. வேலை தொடங்குமுன்பே முதல் வாரங்களின் கூலிப்பணம் கையில் இருந்தாக வேண்டும். முன்னைய அட்டவணை அந்தச் சங்கடத்தைத் தொழிலாளியின் சமையலறைக்குள் ஒளித்து வைத்திருந்தது. புதியது அதைப் பணம் ஒதுக்குவோரின் மேசைக்குக் கொண்டுவந்தது.

பொறியியல் மாணவருக்கு இந்தக் கணக்குகளைக் கற்பிக்கத்தான் வேண்டும். திட்டமில்லாத வேலையாலும் ஏழையே முதலில் வருந்துகிறான். பாதியில் நின்ற துருசு அவனது வயலையே காயவைக்கும். ஆயினும் கோடு கீறுமுன் குளக்கட்டில் நின்று கேட்பதையும் பாடத்தின் ஒரு பகுதியாக்க வேண்டும்.

இத்தவணையும் பத்தாம் வகுப்புக்கு அதே கட்டுரைத் தலைப்பையே கொடுத்தேன். எழுதுமுன் ஊரில் மூவரிடம் பேசிவரவேண்டும். அவர்களுள் ஒருவராவது நாட்கூலிக்கு வேலை செய்பவராக இருக்கவேண்டும் என்றேன். கட்டுரைகள் முன்னரைப்போல அழகாக வரவில்லை. அடித்தல் திருத்தல் நிறைய இருந்தன. ஒவ்வொன்றையும் இருமுறை படித்தேன்.