காலுக்கேற்ற மிதி

ஹெப்பகோடியில் முதல் ஷிப்டு நேரத்தில் சாலையோரம் நின்றால், பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை நோக்கி நம்மவர் மோட்டார் சைக்கிள்களில் விரைவதைக் காணலாம். 2025-இல் இவ்வூருக்கு மெட்ரோ ரயில் வந்தபின்னும், இரவு வேலை பார்ப்போர்க்கு அவ்வண்டியே துணை. அவற்றுட் பல தந்தையிடமிருந்தோ தமையனிடமிருந்தோ கைமாறி வந்தவை. கைமாறியதும் கண்ணாடியைத் திருப்பிக்கொள்கிறோம். காலடியில் உள்ளதைத் தொடுவாரில்லை.

தருமபுரியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் தம்பி, தொழிற்சாலையில் கொடுத்த இரும்பு முனைக் காலணியோடு எங்கள் வண்டியை ஓட்டத் தொடங்கினான். செருப்புக் காலுக்கு அமைந்திருந்த கியர் லிவரின் அடியில் அக்காலணி நுழையவில்லை. ஒருநாள் ஓசூர்ச் சாலையில், பின்னே லாரி நெருங்கிவர, இரண்டாம் கியருக்கு ஏறாமல் வண்டி நியூட்ரலில் விழுந்தது. தீங்கொன்றும் நேரவில்லை. “பழகிவிடும் அண்ணி” என்றான் அவன். கேட்ட எங்களுக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஒரு ஸ்பேனரால் தீரும் காரியம் இது. லிவர், கியர்த் தண்டின் பற்களில் பொருந்தி ஒரு போல்டால் இறுகியிருக்கும். பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு, போல்டை முழுவதும் கழற்றி, லிவரை உருவி, ஒரு பல் உயர்த்திப் பொருத்தினோம். ஒரு பல்லே பெரிய மாற்றந்தான்! குதிகால் மிதியும் சேர்ந்த வண்டியாயின் முன்பக்கம் உயரப் பின்பக்கம் தாழும். அது எதிலும் இடிக்கலாகாது. வேலைக்கு அணியும் காலணியோடு அமர்ந்தே சரிபார்த்தல் வேண்டும். தம்பி இப்போது ஃபுட்ரெஸ்டிலிருந்து காலை எடுக்காமலே கியர் மாற்றுகிறான்.

பிரேக் மிதியில் இன்னும் கவனம் வேண்டும். டிரம் பிரேக் வண்டியில் மிதியின் உயரத்தை மாற்றினால், பின்சக்கரத்துக் கம்பியின் நட்டையும் உடன் திருத்த வேண்டும். பல வண்டிகளில் மிதி 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சும்மா இறங்கிய பின்னரே பிரேக் பிடிக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அத்தளர்வு இல்லையேல் லைனிங் ஓயாது உராய்ந்து டிரம் சூடேறும். மிகுந்தாலோ நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நில்லாது. பிரேக் விளக்கின் சுவிட்சைச் சில மெக்கானிக்குகளும் மறந்துவிடுகிறார்கள். மிதித்தும் விளக்கு எரியாவிடில் பின்னே வரும் லாரிக்காரர் எதைக் கண்டு நிறுத்துவார்?

முன்னோர் பட்ட சிரமம் வேறு. திருவொற்றியூரில் செய்த புல்லட்டில் நெடுங்காலம் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன. மைசூரில் செய்த ஜாவாவில் இவை நேர்மாறு. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறினால், அவசரத்தில் பிரேக்கென்று எண்ணிக் கியரை மிதிப்பார். இன்றைய புது வண்டிகளில் அத்தொல்லை இல்லை. உயரந்தான் அவரவர் காலைப் பொறுத்தது.

எங்களிடம் ஸ்பேனர் இருக்கிறது. ஞாயிறு காலையில் அன்பர்கள் வண்டியோடு வரலாம். வேலைக் காலணியை மட்டும் மறவாமல் அணிந்து வருக.