கண்டித் தோட்டத்துக்கு ஏற்ற ஸ்கோப்

பயிர் தின்னும் விலங்குக்காக ரைபிளில் பூட்டும் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் அளக்க வேண்டியது தோட்டத்தை. கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் பலா, கமுகு, கித்துல், கராம்பு, சாதிக்காய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்கின்றன. மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. முப்பது நாற்பது மீற்றருக்கு அப்பால் பார்வை போவதே அரிது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, நாடெங்கும் நடந்த ஐந்து நிமிடக் கணக்கெடுப்பில், பயிர் தின்னும் குரங்கு, மர அணில், மயில் ஆகியவற்றைத் தோட்டக்காரர்களே எண்ணினார்கள். அதற்கு வெறுங்கண்ணே போதுமாக இருந்தது. அத்தனை கிட்ட வந்துதான் அவை தின்கின்றன.

இந்த மலைகளில் பயிர்த் தொல்லை புதிதல்ல. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் கோப்பி எலியைப் பற்றிச் சொல்கிறார். மொட்டையும் பூவையும் தேடி எலிகள் தோட்டங்களுக்குள் திரண்டு வந்தன. ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம் வரை கொல்லப்பட்டதுண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அவற்றை எண்ணெயில் பொரித்தும் கறிவைத்தும் உண்டனர்; எலி மிகுந்த தோட்டங்களையே விரும்பினர் என்றும் எழுதுகிறார். அவருக்கு அது ஒரு விநோதம். கூலிக்கு உழைத்துப் பசியோடு கிடந்தவர்களுக்கு இறைச்சி எவ்வளவு எட்டாப் பொருளாக இருந்திருக்கும் என்பதுதான் இன்று படிப்பவருக்கு முதலில் உறைக்கிறது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. எலியின் இடத்தைச் செங்குரங்கும் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் பிடித்துக்கொண்டன.

இவற்றுக்காக வாங்கும் ஸ்கோப்பின் மேல் 4x32 என்றிருந்தால் நான்கு மடங்கு உருப்பெருக்கம், முன்வில்லை 32 மி.மீ. அகலம். முப்பத்திரண்டை நான்கால் வகுத்தால் எட்டு. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை 8 மி.மீ. அகலம். இருட்டில் மனிதக் கண்மணி விரிவதே ஏறக்குறைய 7 மி.மீ. வரைதான். ஆகவே பன்றி இறங்கும் அந்தி வேளைக்கு இது தாராளம். அமெரிக்கப் புல்வெளியில் இருநூறு முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் பிரெய்ரி நாய் என்னும் கொறிவிலங்குக்கு 6-24x50 வகை பொருந்தும். அதையே இருபத்துநான்கு மடங்கில் வைத்தால் கற்றை 2 மி.மீ. ஆகச் சுருங்கி, மாலைக்கு முன்பே படம் மங்கும். நாற்பது மீற்றரில் அதற்குள் தெரிவது ஒரு மீற்றருக்கும் குறைந்த வட்டம்; குரங்கின் முதுகு தெரியும், அது பிடித்திருக்கும் கிளை தெரியாது. கடைகளில் பெரிய எண்ணுக்கே மதிப்பு அதிகம், தோட்டத்தில் அப்படியில்லை.

அடுத்தது கிட்டத்தில் உள்ள இலக்கு. பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் நூறு யார் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. பதினைந்து மீற்றரில் கண் சற்று விலகினாலும் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகரும். பத்து யார் வரை திருகிச் சரிசெய்யக்கூடிய எயார் ரைபிள் ஸ்கோப்பே இங்கு உதவும். ஸ்பிரிங் விசையில் இயங்கும் எயார் ரைபிள் பின்னுக்கு மட்டுமல்ல, முன்னுக்கும் உதைக்கும். அந்த உதையைத் தாங்கும்படி செய்யப்படாத ஸ்கோப்பின் உள்வில்லைகள் நாளடைவில் கழன்றுவிடும்.

கண்டியின் ஈரம் தனிப் பகை. குழாய்க்குள் நைதரசன் நிரப்பி மூடியிராவிட்டால் உள்ளே பனி படியும். பெட்டிக்குள் பூட்டியே வைத்தால் வில்லையில் வேர்போலப் பூஞ்சை ஓடும். அதைத் துடைத்தெடுக்க வழியில்லை.

துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி உரிமம் வேண்டும். நகரத்தின் நடுவே நிற்கும் உடவத்தைக்கலைக் காடு 1938 முதல் சரணாலயம். அங்கிருந்து கூரைக்கு இறங்கும் குரங்குக்கு எந்த ஸ்கோப்பும் பதிலல்ல. மலைத் தோட்டத்திலும் மரத்தை நோக்கி மேல்நோக்கிச் சுடும்போது, வெடிமருந்தில் இயங்கும் .22 ரைபிளின் சன்னம் குறி தப்பினால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். சரிவுக்குச் சரிவு வீடும் தொழிலாளர் லயமும் இருக்கும் நாட்டில், பின்னால் மண்திட்டு தெரியாத திசையில் குழலை நீட்டவே கூடாது. குறைந்த உருப்பெருக்கத்தில்தான் அந்தப் பின்புறமும் கண்ணில் படும்.