இணைப்பு அறுவை

பாண்டியன் அறிவுடை நம்பி பிள்ளைப்பேற்றைப் பாடிய புறநானூற்றுப் பாட்டை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். அண்ணன் மகன் கிணற்றில் மூழ்கி இறந்த ஆண்டு மட்டும் அதைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். மாணவர் எவரும் ஏனென்று கேட்கவில்லை.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். அனந்தபுரத்தில் கொஞ்சம் நிலம், மல்லாட்டையும் நெல்லும். மூத்தது பெண், அடுத்தது பையன். பையனுக்கு ஒரு வயதானபோது அண்ணன் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டார். அண்ணிக்கு இரத்தசோகை இருந்ததால் தாமே முன்வந்தார். தமிழ்நாட்டில் இது அரிது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், நாடெங்கும் நடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைகளில் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அந்த அச்சத்துக்குப் பின் சுமை முழுவதும் பெண்கள்மேல் விழுந்தது. இன்று இங்கே கருத்தடை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அண்ணன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

பையன் போய் எட்டு மாதம் கழித்து என்னைத் தேடி விழுப்புரம் வந்தார். "தம்பி, கட் பண்ணத திரும்ப ஒட்ட முடியுமாமே?" என்றார். முடியும் என்று அறிந்திருந்தேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், பிள்ளைகளை இழந்த தாய்மாருக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவையைத் தமிழக அரசு இலவசமாகச் செய்துதர முன்வந்தது நினைவிலிருந்தது. மருத்துவரைத் தேடிப் பிடித்தேன், நாள் குறித்தேன். இருவரும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். விந்துக்குழாயின் உட்துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரைவிட மெல்லிய நைலான் இழையால் இரு முனைகளையும் தைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கம் கொடுத்தோ செய்வார்கள். மூன்று மணி நேரம்போல ஆகும். விதைப் பக்கத்து முனையிலிருந்து வரும் திரவத்தை அப்போதே சோதிப்பார்கள். அதில் உயிரணு இல்லாமல் கெட்டியாக இருந்தால், விதையை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் என்ற நுண்குழலோடு நேரடியாக இணைக்க வேண்டியிருக்கும். அது கடினமான வேலை, பலனும் குறைவு.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினொண்ணு."

1991இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின் கணக்கைச் சொன்னார். மூன்றாண்டுக்குள் இணைத்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு உயிரணு திரும்பியது. 76 பேருக்குக் கரு உண்டாயிற்று. ஒன்பது முதல் பதினான்கு ஆண்டு கடந்தவர்களில் 79 பேருக்கு உயிரணு திரும்பியும் 44 பேருக்கே கரு உண்டாயிற்று. அண்ணன் முதல் எண்ணை மட்டும் பற்றிக்கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பெண்ணின் வயது இருக்கிறது.

"அவங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு."

"அவங்க என்ன சொல்றாங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். இத்தனை ஏற்பாட்டிலும் எங்கள் இருவருக்கும் அண்ணியிடம் கேட்கத் தோன்றவில்லை. "அடுத்த தடவை ரெண்டு பேரும் வாங்க" என்று எழுந்துகொண்டார் மருத்துவர்.

அன்றிரவு அனந்தபுரம் வீட்டில் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். அண்ணி வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவரு ஆசைப்பட்டா செய்யட்டும் தம்பி. ஆனா பொறக்கறது எதுவானாலும் அவன் பேர வெக்கக் கூடாது. அவன் வேற." உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடும் ஓசை கேட்டது.

அடுத்த முறை மூவரும் போனோம். அண்ணிக்கும் பரிசோதனைகள் செய்தார்கள். ஊசியால் உயிரணுவை எடுத்துச் சோதனைக்குழாய் முறையில் கருவாக்கும் வழியையும் மருத்துவர் சொன்னார். ஊசி மருந்தும் கருமுட்டை எடுப்பதும் பெண் உடல்மீதுதான் என்பதால் அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

அறுவை முடிந்து மறுநாள் வீடு. சில நாள் வீக்கமும் வலியும், ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை. ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது. அறுவடை நேரம் அது. நெல் மூட்டையைத் தொடாத அண்ணனைப் பார்த்து ஊர் குடலிறக்கம் என்று எண்ணிக்கொண்டது, அவரும் மறுக்கவில்லை. உயிரணு திரும்பச் சில மாதங்களாகலாம், சிலருக்கு ஓராண்டும் ஆகும், தழும்பால் மீண்டும் அடைத்துக்கொள்வதும் உண்டு என்று எச்சரித்திருந்தார்கள். மூன்றாம் மாதச் சோதனையில் ஒன்றுமில்லை. ஆறாம் மாதம் இருந்தது. எண்ணிக்கை குறைவு, ஆனால் இருந்தது.

அதற்குப் பின் ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. குழந்தை இல்லை. அண்ணன் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. பையன் படம் கூடத்துக்கு வந்திருக்கிறது. அதுவரை அண்ணி அதைப் பெட்டியில் வைத்திருந்தார். மாலையில் மூவரும் அதன் கீழ் உட்கார்ந்து மல்லாட்டை உடைப்பதை ஒருநாள் பார்த்தேன்.

இந்த அறுவையை நாடும் ஆண்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். முதல் நாளே மனைவியோடு போங்கள். அந்த இரண்டாவது எண்ணை அவரும் கேட்கட்டும்.

இவ்வாண்டு அறிவுடை நம்பி பாட்டை மறுபடியும் நடத்தினேன்.