அப்பா என்ன பண்றார்?

ஃபர்ஸ்ட் இயர் முதல் நாள், கிளாஸ்ல ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு அறிமுகம் பண்ணிக்கிட்டது ஞாபகம் இருக்கா? என் முறை வந்தப்போ, "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டாங்க. "எக்ஸ்போர்ட் பிசினஸ்"னு கெத்தா சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். முழுப் பொய்னும் சொல்ல முடியாது. அப்பா பிடிக்கிற நண்டு ஏற்றுமதியாகுதுதான். ஆனா, அவர் பிடிக்கிறது அடுத்தவங்க படகுல, கூலிக்கு!

எங்க ஊர் தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரை, மல்லிப்பட்டினம் பக்கம். பாக் விரிகுடா ஆழம் குறைஞ்ச கடல். நீலக்கால் நண்டுக்கு அது சொந்த வீடு மாதிரி. தாத்தா காலத்துல இருந்தே எங்களுக்குன்னு ஒரு வத்தை இருந்தது. வத்தைன்னா, பலகைகளைச் சேர்த்துக் கட்டுற மரப்படகு.

2018 நவம்பர் 16, கஜா புயல். தென்னை மரங்கள் சாய்ஞ்சு கிடந்ததை டி.வி.யில பார்த்திருப்பீங்க. எங்க வத்தையைத் தூக்கிக் கருவேல முள்ளுக்குள்ள வீசினது எந்த டி.வி.யிலயும் வரலை. மூணு பலகை உடைஞ்சுபோச்சு. படகோட விலா எலும்பு மாதிரி இருக்குமே வங்கு, அதுல ரெண்டு முறிஞ்சுபோச்சு. சரிபண்ணக் காசு இல்லை. அப்பா கூலிக்குப் போனார். வத்தை, ஆடு படுக்குற இடமாச்சு.

போன வருஷம் மே லீவுக்குப் போனா, வாசல்ல ஒரு ஆள் விறகுக்கு விலை பேசிட்டிருக்கார். 6,000 ரூபாய்க்கு அப்பா தலையாட்டிட்டார். தாத்தா ஒரு வார்த்தை பேசலை. மெள்ள நடந்துபோய் அணியத்துல கையை வெச்சுக்கிட்டு நின்னார். எனக்குத் தாங்கலைங்க. லேப்டாப்புக்காக பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த 18,000 ரூபாயை எடுத்து வெச்சேன். "உன்னைப் படிக்க வெச்சது இதுக்காடா?"னு அப்பா கத்தினார். மூணு நாள் பேசவே இல்லை. அம்மா மட்டும் சத்தமில்லாம தோட்டைக் கழட்டிக் கொடுத்தாங்க.

படகு கட்டுற ஆசாரியை எங்க பக்கம் ஓடாவின்னு சொல்வோம். எழுபது வயசைத் தாண்டின ஓடாவித் தாத்தா ஒருத்தர் வந்தார். பலகை பலகையா தட்டிக் காதை வெச்சுக் கேட்டார். 'டங்'னா நல்ல மரம். 'பொத்'துன்னா உள்ளே மக்கிப்போனது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வெச்ச மாதிரியே இருந்தது!

"மேல ஃபைபர் போட்டு மூடிட்டா செலவு கம்மிதானே தாத்தா?"ன்னு கேட்டேன்.

"உள்ள ஈரம் மாட்டிக்கும் தம்பி. வெளிய பளபளன்னு இருக்கும். உள்ள மக்கிக்கிட்டே போகும்."

சுருக்குன்னு இருந்தது. எக்ஸ்போர்ட் பிசினஸ்!

மக்கின பலகையை எடுத்துட்டுப் புதுசு வெச்சோம். வங்கு மாத்தினோம். அப்புறம் கலப்பத்து. பலகை இடுக்குல எண்ணெயில ஊறின பஞ்சுத்திரியை உளி வெச்சு, கொட்டாப்புளியால தட்டித் தட்டி இறக்கணும். அதுக்கு மேல குங்கிலியத்தைக் காய்ச்சிப் பூசணும். கை கொப்புளிச்சுப்போச்சு. ஆனா அவசரம் இருந்தது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்களை மாதிரி நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. தடை முடிஞ்சா, இழுவலைப் படகு நம்ம நண்டு வலையை அறுத்துட்டுப் போயிடும். அதுக்கு முன்னாடி கடலுக்குப் போயாகணும்.

ஜூன் முதல் வாரம் தண்ணியில இறக்கினோம். அரை மணி நேரத்துல உள்ளே முழங்கால் அளவு தண்ணி! எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஓடாவித் தாத்தா சிரிக்கிறார். "காய்ஞ்ச மரம் தம்பி. தண்ணி குடிச்சு ஊதட்டும், இடுக்கு தானா அடையும்." ராத்திரி முழுக்கத் தண்ணி இறைக்கணுமே! பக்கத்துல சத்தம் கேட்டுத் திரும்பினா, வாளியோட அப்பா. ஒண்ணும் பேசலை. விடியிற வரைக்கும் ரெண்டு பேரும் இறைச்சோம். மூணாம் நாள் கசிவு நின்னுடுச்சு.

முதல் தடவை சாயங்காலம் வலையைப் போட்டுட்டு, விடியக்காலையில எடுத்தோம். ஏழு கிலோ நண்டு. அதுல ஒண்ணு வயித்துல ஆரஞ்சு நிற முட்டையோட இருந்தது. நல்ல எடை. அப்பா அதை வலையில இருந்து பக்குவமா பிரிச்சுக் கடல்ல விட்டார். "இதுல லட்சக்கணக்குல முட்டை இருக்குடா. இன்னிக்கு இதை வித்துட்டு, நாளைக்கு எதைப் பிடிக்கிறது?"

எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. அம்மாவோட தோடு இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு. நான் இப்பவும் காலேஜ் லேப்லதான் டைப் அடிக்கிறேன். ஆனா, போன மாசம் புது லெக்சரர் அதே கேள்வியைக் கேட்டார். எழுந்து நின்னேன்.

"நண்டு பிடிக்கிறார் சார். எங்க சொந்த வத்தையில!"

ஒரு செகண்ட் அமைதி. அப்புறம் கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு குரல்: "டேய், எப்படா கொண்டு வருவே?"

இவ்வளவுதாங்க விஷயம். இதுக்காகவா ரெண்டு வருஷம் பயந்தேன்? சரி, உங்க அப்பா என்ன பண்றார்?