முடிக்கத் தெரிஞ்ச கதைகள் - எனக்குப் பிடிச்ச அஞ்சு அனிமே

"இந்த வயசுலயும் கார்ட்டூனாடா?" - இந்தக் கேள்வியை நான் கேக்காத விசேஷ வீடு கிடையாது. சொந்தக்காரங்களுக்குப் பதில் சொல்றதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. இப்ப வேற ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. "நீதான் அனிமே பாப்பியே, நல்லதா நாலு சொல்லேன், எதுல இருந்து ஆரம்பிக்கறது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் அடிச்சு விரல் வலிச்சதுதான் மிச்சம். அதான் மொத்தமா ஒரு பதிவு. இனிமே யார் கேட்டாலும் சுட்டியைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கலாம் :)

பட்டியலுக்குப் போறதுக்கு முன்னாடி என்னோட அளவுகோல் என்னன்னு சொல்லிடறேன். படம் அழகா இருக்கா, சண்டை பிரமாதமா இருக்காங்கிறதெல்லாம் எனக்கு ரெண்டாவதுதான். கதையை முடிக்கத் தெரிஞ்சிருக்கா? இதான் முதல் கேள்வி. நம்ம ஊரு மெகா சீரியல் பாத்து வளர்ந்தவங்களுக்கு நான் சொல்றது டக்குனு புரியும். "இவருக்குப் பதில் இனி இவர்"னு போர்டு போட்டு ஓட்டுவாங்களே, செத்தவர் ஆறு மாசம் கழிச்சு தாடியோட திரும்பி வருவாரே, அந்த வியாதி ஜப்பான்லயும் உண்டு.

அது ஏன்னு கொஞ்சம் சொல்லணும். நிறைய அனிமேக்கள் மங்காவிலிருந்து (அதாவது அவங்க ஊரு படக்கதை) எடுக்கப்படுபவை. மங்கா வாரப் பத்திரிகையிலயோ மாசப் பத்திரிகையிலயோ தொடரா வந்துகிட்டிருக்கும். பதிப்பகம், டிவி சேனல், பாட்டுக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு குழுவா சேர்ந்து அனிமே எடுப்பாங்க. புத்தகம் விக்கணும், பொம்மை விக்கணும். கதை ஓடுற வரைக்கும் எல்லாருக்கும் லாபம். அப்ப அதை முடிக்கணும்னு யாருக்கு அவசரம்?

இதுல இன்னொரு சிக்கல். அனிமே வாரா வாரம் ஓடினா சீக்கிரமே மங்காவை எட்டிப் பிடிச்சிடும். அப்புறம் காட்டக் கதை இருக்காது. உடனே ஒட்டுக்கதை போட்டு ஓட்டுவாங்க. ரசிகர்கள் இதை 'ஃபில்லர்'னு சொல்வாங்க. நருட்டோ முதல் தொடர் 2002-லிருந்து 2007 வரைக்கும் 220 எபிசோட் வந்துச்சு. அதுல கடைசி எண்பது சொச்சம் எபிசோட் பெரும்பாலும் மங்காவிலேயே இல்லாத சமாச்சாரம். ஒன் பீஸ் 1999 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2021 நவம்பர்லயே ஆயிரமாவது எபிசோடைத் தாண்டிடுச்சு. அதோட ரசிகர்கள் கோச்சுக்காதீங்க, உங்க பொறுமைக்குக் கோயிலே கட்டலாம். ஆனா புதுசா வர்ற ஒருத்தரை அந்தக் கடல்ல தள்ளிவிட எனக்கு மனசு வராது.

சரி, பட்டியலுக்கு வருவோம். கடைசி முடிச்சு எதையும் அவிழ்க்காமத்தான் எழுதறேன், பயப்படாம படிக்கலாம்.

1) ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: ப்ரதர்ஹுட் (2009-10, 64 எபிசோட்)

"ஒண்ணே ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டா இதைத்தான் சொல்வேன். அண்ணன் எட்வர்ட், தம்பி அல்ஃபோன்ஸ். செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால திரும்பக் கொண்டுவரப் பாக்கறாங்க. முடியல. அண்ணனுக்கு ஒரு கால் போச்சு, தம்பிக்கு உடம்பே போச்சு. தம்பியோட உயிரையாவது ஒரு இரும்புக் கவசத்துல கட்டி வைக்க அண்ணன் ஒரு கையையும் குடுக்கறான். இது கதையோட ஆரம்பம்தான்.

ட்ராகன் பால்ல ஏழு உருண்டையைச் சேத்தா செத்தவங்களை எழுப்பிடலாம். இங்க அந்தக் கதவை முதல் எபிசோட்லயே அறைஞ்சு சாத்திடறாங்க. ஒண்ணு வேணும்னா சமமா ஒண்ணு குடுக்கணும்ங்கிறதுதான் அந்த உலகத்தோட விதி. அதனால யாராவது அடிபட்டா நமக்கும் வலிக்குது. நாலாவது எபிசோட்ல ஒரு சின்னப் பொண்ணும் அவ நாயும் வருவாங்க. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சான்னு.

இதை எழுதி வரைஞ்ச ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோ தீவுல மாட்டுப்பண்ணைக் குடும்பத்துல பொறந்தவங்க. உழைப்புக்கு ஏத்த கூலிங்கிறது அவங்களுக்கு ஏட்டுத் தத்துவமா இருந்திருக்காதுன்னு எனக்கு ஒரு நினைப்பு.

என் அளவுகோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏன்னா இதே கதையை இதே போன்ஸ் ஸ்டுடியோ ரெண்டு தடவை எடுத்திருக்கு. முதல் தடவை 2003-ல. அப்ப மங்கா பாதியிலதான் இருந்துச்சு. அதனால 51 எபிசோட்ல தாங்களே வேற ஒரு முடிவு செஞ்சு முடிச்சாங்க. ரெண்டாவது தடவை 2009-ல ஆரம்பிச்சு மங்காவோடவே நடந்து வந்தாங்க. 2010 ஜூன்ல மங்கா முடிஞ்சது, ஜூலை ஆரம்பத்துல அனிமேவும் முடிஞ்சது. 2003 தொடரும் மோசம் கிடையாது, சில இடத்துல சோகம் இன்னும் ஆழமாவே இறங்கும். ஆனா கடைசியை முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கிற கதைக்கு ஒரு நடை இருக்கு பாருங்க, அது ப்ரதர்ஹுட்ல தெரியும். பத்தாவது எபிசோட்ல போட்ட விதை அறுபதாவதுல மரமா நிக்கும்.

2) மான்ஸ்டர் (2004-05, 74 எபிசோட்)

மந்திரம் தந்திரம் ஒண்ணும் கிடையாது. 1986, ஜெர்மனியில ட்யூசல்டார்ஃப் நகரம். டென்மாங்கிற ஜப்பான்காரர், மூளை அறுவை சிகிச்சை நிபுணர். தலையில குண்டடி பட்ட ஒரு சின்னப் பையன் ஆபரேஷனுக்கு வர்றான். அடுத்து ஊர் மேயரும் வர்றார். மேயரைப் பாருன்னு மேலிடத்து உத்தரவு. முதல்ல வந்தவனுக்குத்தான் முதல் வைத்தியம்னு டென்மா பையனைக் காப்பாத்தறார். மேயர் செத்துப் போறார். ஒன்பது வருஷம் கழிச்சுத் தெரியுது, அந்தப் பையன் ஒரு கொலைகாரனா வளர்ந்து நிக்கறான்னு.

இப்ப டென்மா செஞ்சது சரியா தப்பா? 74 எபிசோடும் இந்த ஒரு கேள்விதான்.

இதை நான் எங்கம்மாவோட சேர்ந்து பாத்தேன். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல நர்ஸா வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. துணி மடிச்சுக்கிட்டே பாப்பாங்க, நான் சப்டைட்டிலைத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவேன். இருபது எபிசோட் தாண்டினதும் எனக்குப் பொறுக்கல. "இந்தாளு அன்னிக்கே அவனை விட்டிருந்தா இத்தனை பேரு சாவாங்களா?"ன்னேன். அம்மா நிமிர்ந்துகூடப் பாக்கல. "டேபிள்ல படுத்திருந்தப்ப அது சின்னப் பய. அவன் நாளைக்கு என்னவா ஆவான்னு கேட்டுட்டா ஊசி போடுறது?"ன்னாங்க.

"அதுக்காகக் கொலைகாரனை..."

"எங்க வார்டுக்கும் விலங்கு மாட்டினவங்க வருவாங்க. போலீஸ்காரர் வெளிய நிப்பாரு. நாங்க ட்ரிப் ஏத்துவோம். அவரு வேலை அவருக்கு, எங்க வேலை எங்களுக்கு."

அதுக்கப்புறம் ஒவ்வொரு எபிசோடுக்கும் எங்க வீட்டுல பட்டிமன்றம்தான். நான் டென்மா அவனைச் சுடணும்னு கட்சி, அம்மா சுட்டா அவர் டாக்டரே இல்லைன்னு கட்சி. முடிவு யார் பக்கம்னு சொல்ல மாட்டேன். ஆனா கடைசி எபிசோட் முடிஞ்சப்ப ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஒரு கதை இதைச் செஞ்சா போதாதா?

மூலக்கதை நவோகி உரசாவா, 1994-லிருந்து 2001 வரைக்கும் வந்த மங்கா. அது முழுசா முடிஞ்சப்புறம்தான் மேட்ஹவுஸ் ஸ்டுடியோ அனிமேவைத் தொட்டுச்சு. அதனால ஒட்டு வேலை இல்லை. நடுவுல கொஞ்சம் மெதுவாப் போகும், ஒரு எபிசோட் முழுக்க யாரோ ஒரு கிழவர் கதையா இருக்கும். அதையும் தாண்டாதீங்க. காற்றில் விரலால டைப் அடிச்சே எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிற ஒரு போலீஸ் அதிகாரி வருவார், அவருக்காகவே ஒரு தடவை பாக்கலாம்.

3) கவ்பாய் பீபாப் (1998, 26 எபிசோட்)

2071-ஆம் வருஷம். விண்கப்பல்ல சுத்திக்கிட்டு, தலைக்கு விலை வச்ச குற்றவாளிகளைப் பிடிச்சுக் குடுத்துப் பொழைக்கிற ஒரு கூட்டம். பொழைக்கிறதுன்னு பேருதான், கையில காசு தங்கவே தங்காது. முதல் எபிசோட்ல கறியும் குடமிளகாயும் போட்டு ஒரு சமையல் வரும். கறி இருக்காது. "இதுல கறி எங்க?"ன்னு ஒரு சண்டை. அந்த ஒரு காட்சியிலேயே இவங்க யாருன்னு தெரிஞ்சிடும்.

இயக்கம் ஷினிச்சிரோ வதனபே, இசை யோகோ கன்னோ. இந்தம்மா போட்ட ஜாஸ் பாட்டுக்காகவே பாக்கறவங்க உண்டு. பெரும்பாலும் ஒரு எபிசோடுக்கு ஒரு கதை. ஆனா எல்லாருக்குள்ளயும் ஒரு பழைய காயம் இருக்கு, அது கொஞ்சம் கொஞ்சமா மேல வரும். 24-வது எபிசோட்ல ஃபேங்கிற பொண்ணு தான் பொறந்து வளர்ந்த வீட்டைத் தேடிப் போவா. அங்க வீடு இருக்காது. ஒரு குச்சி எடுத்து, தன்னோட கட்டில் இருந்த இடத்தை மண்ணுல கோடு போட்டு அதுல படுத்துக்குவா. வசனமே இல்லை. பழைய வீட்டை வித்துட்டு ஊரை விட்டு வந்தவங்க யாரா இருந்தாலும் அந்த இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்திட்டுத்தான் தொடர்வாங்க.

அத்தனை புகழுக்கு இன்னும் நாலு சீசன் எடுத்துக் காசு பாத்திருக்கலாம். நடுவுல நடக்கிற கதையா 2001-ல ஒரு படம் எடுத்தாங்க, அவ்வளவுதான். தொடரோட முடிவுல கைவைக்கல.

4) முஷிஷி (2005-06, 26 எபிசோட்; தொடர்ச்சி 2014-ல)

இது ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாக்க வேண்டியது. முஷின்னா கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகை உயிர்கள். பேயும் இல்லை, பூச்சியும் இல்லை. அதுகளால மனுசங்களுக்கு வர்ற விசித்திரமான கஷ்டங்களை, ஊர் ஊராப் போற கிங்கோங்கிற ஆள் பாத்துப் புரிஞ்சுக்கறான். வில்லன் கிடையாது. சில சமயம் சரி பண்ணுவான், சில சமயம் முடியாது.

மூணாவது எபிசோட்ல பனி மூடின ஒரு கிராமம். சத்தத்தைத் தின்கிற முஷி காதுக்குள்ள குடியேறிடும். தலையில கொம்பு முளைச்ச ஒரு பையன். அவனோட செத்துப்போன அம்மா, ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டா என்ன கேக்கும்னு ஒண்ணு சொல்லியிருப்பா. மருந்தே அதுலதான் இருக்கு. இப்ப நீங்களும் பொத்திப் பாருங்க. கேக்குதா? நம்ம உடம்புக்குள்ளேயே எரிமலைக் குழம்பு ஓடுற மாதிரி ஒரு சத்தம்.

பாட்டி சொல்ற கதை மாதிரி இருபத்தஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒண்ணு முடிஞ்சிடும். அடுத்ததுக்கு அவசரப்படுத்தாது.

5) ஃப்ரீரென் (2023-24, முதல் சீசன் 28 எபிசோட்)

"இன்னும் முடியாத கதையை ஏன்யா சேத்த?"ன்னு கேப்பீங்க. இது முடிவுலதான் ஆரம்பிக்குது, அதான் காரணம் :) நாலு பேர் கொண்ட வீரர் கூட்டம் பத்து வருஷம் பயணம் போய் அரக்கர் தலைவனைக் கொன்னுட்டு ஊர் திரும்பறாங்க. மத்த தொடர்கள்ல இதுதான் கடைசிக் காட்சி. இங்க முதல் காட்சி.

நாலு பேர்ல ஃப்ரீரென் மட்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழ்ற இனம். அவளுக்கு அந்தப் பத்து வருஷம் ஆயுசுல நூத்துல ஒரு பங்குகூட இல்லை. அம்பது வருஷம் கழிச்சு வந்து பாத்தா, தலைவன் ஹிம்மெல் குள்ளமான வழுக்கைத் தாத்தாவா நிக்கறான். கொஞ்ச நாள்ல செத்தும் போறான். அடக்கத்தப்பதான் அவளுக்கு உறைக்குது, இவனைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதேன்னு. மிச்சக் கதை முழுக்க அவனைத் தெரிஞ்சுக்க அவ பழைய வழியிலயே திரும்ப நடக்கறதுதான். ஒருத்தரோட கதை அவர் சாவோட முடியுதா, இல்ல நினைக்கிற ஆள் இருக்கிற வரைக்கும் ஓடுதா? சின்னச் சின்ன மந்திரங்களை அவ சேத்து வைப்பா. அதுல பூந்தோட்டம் பூக்க வைக்கிற மந்திரமும் ஒண்ணு. அது ஏன் முக்கியம்னு பாத்துத் தெரிஞ்சுக்குங்க.

"அது எங்கே, இது எங்கே?"

டெத் நோட் எங்கேன்னு அடிக்க வருவீங்க. 37 எபிசோட்ல முதல் 25 தங்கம். அதோட நிறுத்தியிருந்தா இந்தப் பட்டியல்ல முதல் இடம். அட்டாக் ஆன் டைட்டன் 2013-லிருந்து 2023 வரைக்கும் வந்து முடிஞ்சது. நல்ல தொடர்தான், ஆனா முதல் அனிமேவா அவ்வளவு ரத்தம் வேண்டாம்னு விட்டுட்டேன். எவாஞ்செலியனை ஹிதேயாகி அன்னோ 1996-ல டிவியில ஒரு தடவை முடிச்சார், 1997-ல படமா இன்னொரு தடவை, 2021-ல மறுபடியும் ஒரு தடவை. முடிக்கறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுக்க அவரைத்தான் கேக்கணும்.

எப்படிப் பாக்கறது? என் ஓட்டு ஜப்பானிய ஒலி, கீழ சப்டைட்டில். ஆனா தமிழ் டப்பிங்னு கேட்டாலே முகம் சுளிக்கிற ஆளும் நான் கிடையாது. டோரேமானும் ஷின்சானும் டிவியில தமிழ் பேசிச் சிரிக்க வச்சாங்க. 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் படம் நம்ம ஊர் தியேட்டர்லயே தமிழ்ல வந்துச்சு. எந்த வழியா வந்தா என்ன, வந்தா சரி.

ஏன் இந்த முடிவு, முடிவுன்னு இத்தனை அடிச்சுக்கறேன்னா, ஒரு கதைக்கு நாம குடுக்கறது நம்ம நேரத்தை. மான்ஸ்டருக்கு முப்பது மணி நேரம் ஆகும். அவ்வளவையும் வாங்கிக்கிட்டு "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு"ன்னு இழுக்கிற கதைகிட்ட, எட்வர்ட் பாஷையில சொன்னா, சமமான பண்டமாற்று இல்லை. இந்த அஞ்சும் வாங்கினதுக்குத் திருப்பிக் குடுக்கும்.

எங்கம்மா இப்ப முஷிஷி பாத்துக்கிட்டிருக்காங்க. "இந்தப் பய கிங்கோ ஒரு வாய் சோறு ஒழுங்காச் சாப்பிட மாட்டானா?"ங்கிறதுதான் இதுவரைக்கும் வந்த விமர்சனம்.

டிஸ்கி: ஒன் பீஸ் ரசிகர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். முடிஞ்சதும் முதல் ஆளா உக்காந்து பாக்கறேன், சத்தியமா :)