பனி உருகும் கணக்கு

குரோக்கஸைப் பார்க்க வேண்டுமென்றால் முழங்காலை ஈர மண்ணில் ஊன்றியே ஆக வேண்டும். நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கு ஊதா, மஞ்சள், வெள்ளை என்ற மூன்று நிறத்துக்கு மேல் எதுவும் தெரியாது. இங்கிலாந்தில் பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும் பூங்காப் புல்வெளிகளில் திட்டுத்திட்டாகப் பூக்கும் பெரிய டச்சு வகைகளை அப்படி நின்றபடியே ரசித்துவிட்டுப் போகலாம், குறையில்லை. என் கண்ணாடிக் கூடத்தில் இருப்பவை வேறு ரகம். சுண்டுவிரல் உயரத்துக்கு எழும்பி, சில நாள் பூத்து, கோடைக்குள் மறுபடி மண்ணுக்குள் ஒடுங்கிவிடுபவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மலையின் சொத்து.

நம் வீடுகளுக்கு இந்தக் குடும்பத்தில் அறிமுகமான ஆள் குங்குமப்பூ மட்டும்தான். அது இலையுதிர்காலத்தில் பூக்கும், விதையே வைக்காது, மனிதர்கள் கிழங்கைப் பிரித்து நட்டு நட்டுத்தான் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அதன் உறவுகள் போர்ச்சுகலில் தொடங்கி, பால்கன் மலைகள், கிரேக்கம், துருக்கி, ஈரான் வழியாகத் தியான் ஷான் வரை பரவிக் கிடக்கின்றன. என் பித்தெல்லாம் அவற்றில் வசந்தத்தில் பூப்பவற்றின் மேல். சமையலுக்கு உதவாது, காசும் தராது.

பூவுக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளையாகத் தெரிவதைக் காம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஆறு இதழ்களும் கீழே ஒன்றுசேர்ந்து நீண்ட குழாய் அது. சூலகம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலே பனி கொட்டட்டும், சிட்டுக்குருவி வந்து இதழைக் கிழிக்கட்டும் (மஞ்சள் பூவைக் கண்டால் அவற்றுக்கு அப்படியொரு கோபம்), கரு பத்திரமாக இருக்கும். பூ வாடிப் பல வாரம் கழித்து, நாம் மறந்தே போன நேரத்தில், விதைக்காய் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மகரந்தத்தாள்கள் மூன்று. ஆறு இருந்தால் அது கோல்சிக்கம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது நம் செங்காந்தளின் குடும்பம், நஞ்சும் அதே நஞ்சு.

இனம் பிரிக்கும்போது பூவைவிடக் கிழங்கின் மேலுறையைத்தான் நான் நம்புவேன். கிரைசாந்தஸின் உறை அடிப்பக்கம் வளையம் வளையமாகக் கழன்று வரும். சைபெரியின் உறை வலைப்பின்னல். மேற்குத் துருக்கியின் ஃப்ளைஷெரிக்கோ கோரைப்பாய் முடைந்த மாதிரி மெல்லிய நார். பூ இல்லாத ஜூலையிலும் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பேரினம் முழுவதையும் வரைந்து எழுதி ஒழுங்குபடுத்தியவர்களில் முன்னோடி ஓர் ஓட்டுத் தொழிலதிபர். ஷ்ராப்ஷயரில் அலங்காரத் தரை ஓடுகள் செய்த ஜார்ஜ் மா, 1886இல் வெளியிட்ட பெருநூலுக்குப் படங்களையும் தாமே வரைந்தார். அடுத்து, என்ஃபீல்டின் மிடில்டன் மாளிகைத் தோட்டத்தில் வாழ்ந்த இ. ஏ. பௌல்ஸ், அவருடைய கையேடு 1924இல் வந்தது. 1982இல் வந்த பிரையன் மேத்யூவின் நூல் நூற்றுக்கும் குறைவான இனங்களில் எல்லாவற்றையும் அடக்கியிருந்தது. இன்று எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. மரபணு ஆய்வுகள், துருக்கித் தாவரவியலாளர்களின் மலையேற்றங்கள், லாட்வியாவின் யானிஸ் ருக்‌ஷான்ஸ் போன்றவர்களின் பொல்லாத கண் எல்லாமே காரணம். சில பிரிப்புகள் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. சூல்முடியின் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்பதற்காக ஒரு தனி இனமா என்று முணுமுணுத்தபடியேதான் சீட்டை மாற்றுகிறேன். அதனால் என் தொட்டிச் சீட்டுகளில் பெயர் சின்னதாகவும் ஊர் பெரிதாகவும் இருக்கும். மலை, உயரம், மண். பெயர் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மலையில் பனி எப்போது உருகுகிறது, கோடையில் ஈரம் உண்டா என்பதைத் தெரிந்துகொண்டால்தான் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுக்க முடியும்.

துருக்கிப் பீடபூமிக்காரர்களுக்குக் கணக்கு எளிது. மண்தொட்டிகளைக் கழுத்துவரை மணலில் புதைத்து வைத்திருப்பேன். செப்டம்பரில் முதல் தண்ணீர். மேலே ஒன்றும் தெரியாது. கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். பூ முடிந்ததும் பலரும் செடியைக் கைவிட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் வேலையே தொடங்குகிறது. வெள்ளைக் கோடு ஓடும் அந்தப் புல் போன்ற இலை பச்சையாக இருக்கும் மார்ச், ஏப்ரல் வாரங்களில்தான் அடுத்த ஆண்டுக்கான கிழங்கு உருவாகிறது. வெயில், தண்ணீர், கொஞ்சம் பொட்டாஷ், இவை மூன்றும் குறையக்கூடாது. இலை பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுவேன். ஜூலையில் தொட்டியைக் கவிழ்த்துச் சலித்தால் பழைய கிழங்கு காய்ந்த வட்டத் தகடாக அடியில் ஒட்டியிருக்கும். அதன் தலையில் புதிய கிழங்கு உட்கார்ந்திருக்கும். போன ஆண்டு நட்ட கிழங்கு எதுவும் இப்போது உயிரோடு இல்லை என்பது ஒவ்வொரு கோடையும் எனக்கு வியப்புத்தான்.

பால்கன் மலைக்காரர்கள் சிலரிடம் இந்த வைத்தியம் செல்லாது. வட மாசிடோனியாவின் பெலிஸ்டர் மலையிலிருந்து வந்த பெலிஸ்டெரிகஸ், ஷார் மலைத்தொடரின் ஸ்கார்டிகஸ் இரண்டும் உருகும் பனி வழிந்தோடும் ஈரப்புல்லில் பிறந்தவை. கோடையிலும் அந்த மண் காய்வதில்லை. இவற்றின் இலையில் வழக்கமான வெள்ளைக் கோடும் கிடையாது. முன்னது கறுப்பில் தொட்ட ஊதா. பின்னது ஆரஞ்சு மஞ்சள், அடியில் மட்டும் ஊதா கசிந்திருக்கும். “கிழங்கு வகை என்றால் கோடையில் காயப்போடு” என்ற பொதுவிதியை நம்பியவர்கள் கையில்தான் இவை அதிகமாகச் செத்திருக்கின்றன. இவற்றின் தொட்டிகள் என்னிடம் வடக்குச் சுவரின் நிழலில், வெட்டவெளியில், ஆண்டு முழுவதும் ஈரமாக நிற்கின்றன. இந்த நாட்டு மழையைத் திட்டாதவர் யாரும் இல்லை. இந்த இரண்டு தொட்டிக்காக நான் அதைத் திட்டுவதில்லை.

துருக்கியின் வடமேற்கில் காஸ் மலையில் வளரும் ஆரஞ்சு நிற கார்கரிகஸும் ஈரப் பிரியன்தான். அந்த மலைதான் பழைய இடா; அதன் உச்சிக்குக் கார்கரஸ் என்று பெயர். இலியட் காவியத்தில் ஜீயஸும் ஹீராவும் கூடும் இடம் அது. அவர்களுக்குக் கீழே தரையிலிருந்து குரோக்கஸ் முளைத்து எழுந்தது என்கிறார் ஹோமர். எந்த இனம் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் வளர்ப்பவர்கள் அதை எங்கள் வசதிக்குத் தீர்மானித்துக்கொண்டோம்.

உயர்மலை இனங்களுக்கு இங்கே பெரிய எதிரி குளிரல்ல, குளிரின் நிலையின்மை. ஒஹ்ரிட், பிரெஸ்பா ஏரிகளுக்கு நடுவே நிற்கும் கலிச்சித்சா மலையில் ஸ்விஜிச்சி என்ற மஞ்சள் குரோக்கஸ் மாதக்கணக்கில் பனிப்போர்வைக்கு அடியில் ஒரே சீரான குளிரில், இருட்டில் காத்திருக்கும். பனி விலகிய அன்று வெயில் உச்சத்தில் இருக்கும். மொட்டு ஒரே மூச்சில் மேலே வரும். இங்கேயோ ஜனவரியில் நான்கு நாள் இளஞ்சூடு, பிறகு உறைபனி, பிறகு மழை. ஏமாந்த மொட்டு மங்கல் வெளிச்சத்தில் எழுந்து, குழாய் நீண்டு, தலை சாய்ந்து, சாம்பல் பூஞ்சணத்துக்கு இரையாகும். அதனால் அந்தத் தொட்டிகளை இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் வைத்துப் பிந்தவைக்கிறேன். காற்றோட்டத்துக்காகக் கூடத்தின் கதவை நடுக்குளிரிலும் அடைப்பதில்லை.

இத்தனை பாட்டுக்கும் ஒரே ஒரு பூ போதுமென்றால் நான் காட்டுவது பேடோப்பியோரம். தென்மேற்குத் துருக்கியைச் சேர்ந்தது. 1974இல் மேத்யூ இதை விவரித்து, இஸ்தான்புல்லின் தாவரவியல் தம்பதி துர்ஹான், அசுமான் பேடோப் பெயரைச் சூட்டினார். ஊதா கலக்காத வெளிர்நீலம், அதில் மயிரிழை நரம்புகள். என்னிடமுள்ள வேறு எந்தக் குரோக்கஸிலும் இந்த நிறம் இல்லை. கேமரா இதை ஒவ்வொரு முறையும் ஊதாவாக்கித்தான் தருகிறது. நேரில் பார்த்தால்தான் உண்டு, அதுவும் வெயில் அடிக்கிற நடுப்பகலில்.

வெயில் எதற்கென்றால், குரோக்கஸ் திறப்பதும் மூடுவதும் வெப்பத்தின் சொல்படி. சூடேறினால் இதழின் உட்பக்கம் வேகமாக வளர்ந்து பூ விரியும். குளிர்ந்தால் வெளிப்பக்கம் வளர்ந்து மூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இதழ் கொஞ்சம் நீளும். கண்காட்சிக்குத் தொட்டி கொண்டுபோகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். 1929இல் தொடங்கிய ஆல்பைன் கார்டன் சொசைட்டியின் வசந்தக் கண்காட்சிகளுக்குக் காரில் வருகிறவர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு, கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு ஓட்டுவார்கள். மண்டபச் சூட்டில், நடுவர் வரும் நேரம் பார்த்துப் பூ விரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வரும் துணைவர்களுக்குத்தான் பதக்கம் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

புதிய இனம் வேண்டுமென்றால் கிழங்கு வாங்குவதைவிட விதை போடுவதே மேல். மலையிலிருந்து யாரோ தோண்டி எடுத்ததா என்ற சந்தேகம் இல்லை. அசுவினி பரப்பும் வைரஸும் பெரும்பாலும் விதை வழியே இறங்குவதில்லை. இதழில் திட்டுத்திட்டாக நிறம் உடைந்தால் அந்தத் தொட்டியை யோசிக்காமல் எரித்துவிடுவேன், எவ்வளவு அரிய இனமானாலும். மதிய வெயிலில் மெல்லிய பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டுவைத்து, காய் வெடிக்கும் முன், எறும்பு இழுத்துப்போகும் முன், எடுத்துவிட வேண்டும். இலையுதிர்காலத்தில் விதைத்தால் குளிர் முடியும்போது பச்சை நூலாக ஓர் இலை. அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட அதே நூல்தான். பூவுக்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும்.

விதை மிஞ்சினால் கேட்பவர்களுக்குக் கொடுப்பேன். புதியவர்களுக்கு சைபெரியும் கோர்சிகாவின் கோர்சிகஸும். இரண்டும் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். பெலிஸ்டெரிகஸ் கேட்கும் நம்மூர் நண்பர்களிடம் மட்டும், ஆகஸ்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போவீர்களா, அப்போது தொட்டிக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார் என்று முதலில் விசாரித்துவிடுகிறேன்.